மாளிகைமேட்டைக் காலியிடம் என்று எழுதாதீர்கள்: ஒரு திறந்த மடல்

கங்கைகொண்டசோழபுரத்திற்கான மரபு மேம்பாட்டுத் திட்டத்தை வகுக்கும் அலுவலர்களுக்கும் வல்லுநர்களுக்கும்

ஐயா, அம்மையீர்,

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நீங்கள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பற்றியே இம்மடல். அதில் பெரிய கோயில் இருந்தது. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரண்மனை அடித்தளங்கள் இருந்தன. இரண்டையும் இணைக்கும் அகலச் சாலை, வண்டிகள் நிறுத்துமிடம், உணவகம், புல்வெளி எல்லாம் இருந்தன. எங்கள் ஊரான மாளிகைமேடு மட்டும் இல்லை. வீடுகளும் முந்திரிக்கொல்லைகளும் குளமும் ஊர்க்கோயிலும் உள்ள பரப்பு முழுவதற்கும் ஒரே வெளிர்நிறம் பூசி, ஓரத்துக் குறிப்பில் ‘காலியிடம்’ என்று எழுதியிருந்தீர்கள். எழுந்து கேட்டவர்களுக்கு, இது தொடக்கநிலை வரைவுதான், விவரங்கள் பின்னர் சேர்க்கப்படும் என்று விடை தந்தீர்கள். உணவகத்துக்கு இடம் குறிக்க முடிந்த தொடக்கநிலை வரைவில், தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருக்கும் ஒரு சிற்றூரைக் குறிக்க முடியாமற்போனது ஏன் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாளிகைமேட்டின் மேலும் அதைச் சுற்றியும் குடியிருப்பவர்களைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும், அது காக்க விரும்பும் அந்தப் பழைய நகரத்தையே இழந்துவிடும். இதை ஊர்ப்பற்றினால் மட்டும் சொல்லவில்லை. இந்த இடத்தின் ஆயிரம் ஆண்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

முதலாம் இராசேந்திரன் கங்கைவரை சென்ற படையெடுப்பு 1023-ஆம் ஆண்டளவில் முடிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தஞ்சையிலிருந்து தலைநகர் இங்கே வந்தது. 1279-இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இதுவே சோழநாட்டின் தலைமை இடம். தலைநகர் என்றதும் எல்லோருக்கும் கோயில் விமானம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆட்சி நடந்தது மாளிகையில். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடலில், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கும் கல்விச்சாலைக்கும் வகைசெய்த வீரராசேந்திரனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. மருத்துவ வரலாறு பேசுவோர் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். கங்கைகொண்டசோழபுரத்தில், சோழகேரளன் என்னும் திருமாளிகையில், இராசேந்திரசோழ மாவலிவாணராசன் என்னும் அரியணையில் மன்னன் அமர்ந்திருந்தபோது பிறந்த ஆணை என்று அக்கல்வெட்டே தன் பிறப்பிடத்தைச் சொல்கிறது. அந்தத் திருமாளிகை நின்ற மேட்டைத்தான் உங்கள் வரைபடம் பாதி அகழ்குழி, பாதி காலியிடம் என்று பிரித்துவிட்டது.

கோயில் கருங்கல்லால் ஆனதால் நின்றது. அரண்மனை செங்கல்லும் மரமும் கொண்டு கட்டப்பட்டதால் நிற்கவில்லை. 1980 முதல் மாநிலத் தொல்லியல் துறை பல பருவங்களில் இங்கே நடத்திய அகழாய்வுகளிலும், 2021-இல் மீண்டும் தொடங்கியவற்றிலும் வெளிப்பட்டவை பெரும்பாலும் செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் தளங்கள், கூரைக்குப் பயன்பட்ட தட்டை ஓடுகள், அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகள், வளையல்கள், சீனப் பீங்கான் சில்லுகள். இவற்றில் எதுவும் தரைக்கு மேல் நிமிர்ந்து நின்று பயணியின் கண்ணை ஈர்ப்பதில்லை. ஆகவே மாளிகைமேட்டுக்கு வருபவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘அரண்மனை எங்கே?’ என்று எங்களைக் கேட்பது வழக்கம். நாங்கள் காலடியைக் காட்டுவோம்.

சோழருக்குப் பின் இந்நகரம் எப்படிக் குறுகியது என்பது பெருங்கதை. பாண்டியர் காலக் கல்வெட்டுகளும் கோயிலில் இருப்பதால், தலைநகரம் வீழ்ந்த பிறகும் வழிபாடு தொடர்ந்தது தெரிகிறது. நகரம்தான் ஊர்களாக உடைந்தது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, யுத்தபள்ளம், கடாரங்கொண்டான், செங்கல்மேடு என்று இன்றைக்குப் பேருந்து நடத்துநர்கள் கூவி இறக்கிவிடும் சிற்றூர்கள் எல்லாம் அந்த உடைப்பின் துண்டுகள். உங்கள் வரைபடத்தில் இவற்றுள் சில சாலையோரப் புள்ளிகளாக இருந்தன. பல அதுவுமில்லை.

இந்நகரின் மற்றொரு பாதியான ஏரிக்கும் இதே கதிதான். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்ந்த சோழகங்கம் இன்று பொன்னேரி. வடக்கு தெற்காகப் பதினாறு மைல் நீளும் அதன் கரையையும், கொள்ளிடத்திலிருந்து அறுபது மைலுக்கு மேல் ஓடி வந்து அதை நிரப்பிய வாய்க்காலையும், வெள்ளாற்றிலிருந்து வந்த மற்றொரு வாய்க்காலையும் 1855-ஆம் ஆண்டளவில் வெளியான ஓர் ஆங்கிலக் குறிப்பு விவரிக்கிறது. ஏரி பாழாகிக் காடு மண்டிக் கிடந்ததாகவும், படையெடுத்து வந்த பகைவர் வேண்டுமென்றே அதை அழித்தனர் என்பது மக்கள் வழக்கு என்றும் அது சொல்கிறது.

அதே குறிப்பில் உங்கள் குழு அறியவேண்டிய வரி ஒன்று இருக்கிறது. கோயிலைச் சூழ்ந்த காட்டுக்குள் இடிபாடுகள் வெறும் குவியல்களாகக் கிடந்தன என்றும், அந்தக் குவியல்களைக் காட்டி, விரிந்து பரந்த அரண்மனையின் ஒவ்வொரு பகுதியும் எது என்று ஊர்ப் பெரியவர்கள் அடையாளம் சொன்னார்கள் என்றும் எழுதியவர் குறிப்பிடுகிறார். அகழாய்வுக் கருவிகள் இங்கே வருவதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, செங்கற்குவியலுக்கு அடியில் அரண்மனை உண்டு என்ற செய்தியைக் காத்து வைத்திருந்தவர்கள் காட்டுக்குள் குடியிருந்த குடியானவர்கள். அவர்கள் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் சொன்னதை நம்பலாம் என்பதைப் பின்னர் நடந்த அகழாய்வு மெய்ப்பித்தது. இப்படி ஓர் ஊரின் வாய்மொழி நினைவு, தோண்டிப் பார்த்து உறுதிசெய்யப்பட்ட இடங்கள் அதிகமில்லை. வேறொரு நாட்டில் இப்படி நடந்திருந்தால் அந்தப் பெரியவர்களின் வழிவந்தவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள்.

அந்தக் குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது. அது இன்றைய உங்கள் பணிக்கு நேரடியாகப் பொருந்துவதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, அதற்குக் கல் வேண்டி இக்கோயிலின் சிற்ப வேலைப்பாடமைந்த கருங்கற்கள் பெருமளவில் பெயர்த்தெடுக்கப்பட்டன. சுற்றுமதில் ஏறத்தாழ முழுவதும் இடிக்கப்பட்டது. ஊர் மக்கள் தங்களால் இயன்றவரை தடுத்தார்கள். அவமதிப்புக் குற்றம் சாட்டி அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எடுத்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்களித்தது என்றும், அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் எழுதியவர் வருத்தத்தோடு முடிக்கிறார். எழுதியவர் ஆட்சியாளர்களின் இனத்தைச் சேர்ந்தவர் என்பதையும், அவருக்கு எங்கள் பக்கம் சாய வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கோயிற்கல்லைக் காக்க அரசோடு மோதித் தண்டனை பெற்ற ஊர் இது. கீழணையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அதனால் பாசனம் பெற்ற வயல்கள் எத்தனையோ. ஆனால் மரபைக் காப்பது அரசின் வேலை, கெடுப்பது ஊராரின் வேலை என்ற எண்ணத்தோடு எங்களிடம் பேசவரும் எவரும் 1836-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். மாளிகைமேட்டிலும் பக்கத்து ஊர்களிலும் மண்ணை ஒரு முழம் கிளறினால் ஏதாவது வரும். உழும்போது கூரையோட்டுத் துண்டுகள் வரும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வரப்போரத்தில் நீலப்பூப் போட்ட பீங்கான் சில்லு மினுங்கும். வீட்டுக்குக் கடக்கால் தோண்டினால் இன்றைய செங்கல்லைவிட அகலமும் நீளமும் கூடிய பழஞ்செங்கல் வரிசையாக நிற்கும். எங்கள் அப்பாயி வீட்டுத் திண்ணை அப்படிப்பட்ட செங்கற்களால் ஆனது. துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது நடுவில் குழிவெட்டிய ஒரு தூண்தளம். அது அரண்மனைக் கல் என்பது அப்பாயிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் துவைக்கத் தொடங்குவார்.

ஊரார் செங்கல்லை எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். உண்மைதான், எடுத்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த செங்கல்லை, வேறு செங்கல் வாங்க வழியில்லாதவர்கள் எடுத்தார்கள். பழைய நகரங்கள் இருந்த இடங்களில் எல்லாம் பிற்காலத்தார் இதைத்தான் செய்திருக்கிறார்கள். அப்படி எடுத்த செங்கல் இன்றும் ஊரைவிட்டுப் போகவில்லை, எங்கள் சுவர்களில்தான் இருக்கிறது. அந்த வீடுகளையும் நகரத்தின் தொடர்ச்சியாகக் கருதி அளந்து பதிவுசெய்யலாம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை, குற்றச்சாட்டுத்தான் முதலில் வந்தது.

இதைவிடக் கவலைக்குரியது அண்மைக் காலத்தில் வந்த ஒரு மாற்றம். முன்பெல்லாம் தோண்டும்போது எதாவது கிடைத்தால் ஊரே கூடிப் பார்க்கும், பள்ளி ஆசிரியருக்குச் சொல்லி அனுப்புவார்கள். இப்போது சொல்வதில்லை. எங்கள் உறவினர் ஒருவர் கிணறு ஆழப்படுத்தும்போது பக்கவாட்டில் ஒரு செங்கற்சுவர் தென்பட்டது. சுண்ணாம்புச் சாந்து கலையாமல் ஓர் ஆள் நீளத்துக்கு நின்றது. அன்று இரவே அவர் அந்தப் பக்கத்தை மண் போட்டு மூடிவிட்டார். ஏன் என்று கேட்டேன். ‘சொன்னால் நிலம் போய்விடும் தம்பி’ என்றார். அவரைக் கோழை என்றோ அறியாதவர் என்றோ நீங்கள் கருதலாம். அவருக்கு உள்ளது அந்த ஓரிடம்தான். கிணற்றை மூட வேண்டிவருமா, பயிரிட அனுமதி உண்டா, இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஓர் அலுவலகம் இல்லை, ஒரு துண்டறிக்கைகூட இல்லை. இந்த அச்சம் பரவிய பிறகு எத்தனை சுவர்கள் இப்படி மூடப்பட்டிருக்கும் என்பதை நீங்களும் அறிய முடியாது, நானும் அறிய முடியாது.

சட்டம் ஊராருக்கு முற்றிலும் எதிரானது அன்று என்பதுதான் இதில் வேதனை. 1958-ஆம் ஆண்டு நடுவண் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடத்தைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம் என்கின்றன. மாநிலச் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலைப் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் அதில் பங்கு கோர வழிசெய்கிறது. அரசு அப்பொருளை எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் சொல்கிறது. இதை எங்கள் ஊரில் எவரும் கேள்விப்பட்டதில்லை. தடை என்னும் சொல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. உரிமை என்னும் சொல் வழியிலேயே நின்றுவிட்டது.

ஊரார் மறைக்கும் பொருள்கள் போக, வெளியாட்கள் எடுத்துச் செல்லும் பொருள்கள் வேறு. விடுமுறை நாட்களில் வரும் கூட்டத்தில் சிலர், அகழ்குழி ஓரத்திலும் கொல்லைகளிலும் கிடக்கும் சில்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். தடுத்தால், ‘உங்களுக்கு இதன் அருமை தெரியுமா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். அருமை தெரிந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு சில்லின் மதிப்பு அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது, எடுத்து அலமாரியில் வைத்தால் அது வெறும் உடைந்த ஓடு. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் இதைத் தடுக்கும் ஏற்பாடு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. கண்காணிக்க ஆள் அமர்த்துவீர்களாக இருக்கலாம். நாள் முழுவதும் கொல்லையில் நிற்பவர்கள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

செங்கல்மேட்டைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவரப்பட்ட செந்நிறக் கற்சிற்பங்கள், காளி, துர்க்கை, பைரவி என்று, அந்தச் சிற்றூரில் இருக்கின்றன. நம் பக்கத்துக் கல்லும் அன்று, நம் பக்கத்துச் சிற்ப மரபும் அன்று. எந்த அருங்காட்சியகமும் பெருமையோடு முகப்பில் வைக்கும் பொருள்கள் அவை. தலைநகரம் அழிந்து, மதில்கள் பெயர்ந்து, ஏரி தூர்ந்துபோன காலமெல்லாம் அவை இந்த ஊர்களுக்கு இடையில் தப்பி நின்றதற்குக் காரணம், அவற்றுக்கு எண்ணெய் வார்த்துப் பொங்கலிட்டவர்கள். எண்ணெய் கல்லுக்கு நல்லதா என்று வேதியியலார் கேட்கலாம். நல்லதன்று என்றால் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள். அவை யாருடைய காவலில் பிழைத்தன என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

மக்கள் கைவிட்டுப் போன ஊர்களை ஆராய்வதில் உலகில் முன்மாதிரியாகக் கருதப்படுவது இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள வாரம் பெர்சி. 1500-ஆம் ஆண்டளவில், உழவு நிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு மாற்றப்பட்டபோது கடைசிக் குடிகளும் வெளியேறிய சிற்றூர் அது. கூரையிழந்த ஒரு தேவாலயமும், புல்லுக்கடியில் மேடுகளாகத் தெரியும் வீட்டு எல்லைகளும்தான் மிச்சம். பொருளாதார வரலாற்றாசிரியரான மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும், தொல்லியலாளரான ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தன்னார்வலர்களைக் கூட்டி அங்கே அகழ்ந்தார்கள். அவர்கள் தேடியது பிரபுவின் மாளிகையை மட்டுமன்று. உழவன் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தான், அதை எத்தனை முறை புதுப்பித்துக் கட்டினான், எதில் சமைத்தான், எங்கே குப்பை கொட்டினான் என்பவற்றைத் தேடினார்கள். ஒரு சிற்றூரின் எளிய வீடுகளுக்கு நாற்பது ஆண்டுகள் செலவிடலாம் என்று அவர்கள் துணிந்ததால்தான் இடைக்கால ஐரோப்பிய உழவரின் வாழ்வைப் பற்றிப் பல பழைய ஊகங்கள் திருத்தப்பட்டன.

நம்மிடமும் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கல்வெட்டுகள் இந்நகரில் இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று சாலைகளைச் சொல்கின்றன. வேம்புகுடி வாயில் என்று ஒரு வாயிலைச் சொல்கின்றன. கூழையானை போன பெருவழி என்று, ஏதோ ஒரு காலத்தில் ஒரு யானை நடந்து போனதை இன்றுவரை நினைவூட்டும் சாலையைச் சொல்கின்றன. இவற்றில் எது எந்தக் கொல்லைக்கடியில் கிடக்கிறது? குயவர் எங்கே சூளை வைத்தார்கள், கொல்லர் எங்கே உலை ஊதினார்கள், மெய்க்காவற்படையினரின் குடும்பங்கள் எங்கே குடியிருந்தன? அரண்மனையை மட்டும் தோண்டினால் இவை தெரியா. அரண்மனைக்கு வெளியே தோண்ட வேண்டுமானால், அந்த இடங்கள் எல்லாம் பட்டா நிலங்கள், எங்கள் நிலங்கள். வாரம் பெர்சியில் கேட்டு அனுமதி பெறக் குடிகள் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு இது தடையாகத் தோன்றுகிறது. எனக்கோ இது இந்த இடத்துக்குக் கிடைத்த பேறு என்று தோன்றுகிறது, ஏனெனில் எந்த வயலில் ஏர் தட்டும், எந்தக் கொல்லையில் கரிமண் வரும், எந்தப் பள்ளத்தில் மழைநீர் நிற்காமல் உள்வாங்கும் என்பதெல்லாம் உழுபவருக்குத் தெரியும்.

ஆடித் திருவாதிரை விழாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இராசேந்திரன் பிறந்த நாளை அரசு விழாவாகக் கொண்டாடுவது மகிழ்ச்சிக்குரியது. 2025 ஜூலையில், இராசேந்திரன் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பிய கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி நடந்த பெருவிழாவுக்கு நாட்டின் பிரதமரே வந்தார். ஒளியமைப்பு, இசை, கண்காட்சி எல்லாம் சிறப்பு. ஆனால் விழா மேடையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் இந்த ஊர்களில் ஒன்றிலாவது, இந்த இடத்தில் இன்னது இருந்தது, அகழாய்வில் இன்னது கிடைத்தது என்று ஊரார் படிக்கும்படி எழுதி வைத்த முழுமையான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் தங்கள் ஊர் வரலாற்றைக் கைப்பேசியில், யாரோ முழங்கும் காணொளிகளில் கேட்கிறார்கள். அவற்றில் பாதி வீரக்கதை, மீதி புதையல் கதை. புதையல் கதை கேட்டு இரவில் கடப்பாரையோடு வரும் ஆட்களை விரட்டுவதும் எங்கள் வேலையாகிவிட்டது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

வரைபடத்தைத் திருத்துங்கள். மாளிகைமேடு உள்ளிட்ட ஒவ்வொரு சிற்றூரும், அதன் குடியிருப்பும், குளமும், கோயிலும், பயிர்நிலமும் உள்ளது உள்ளபடி அதில் இடம்பெற வேண்டும். திருத்திய வரைவைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் வைத்து ஒப்புதல் கேளுங்கள். அதற்குமுன் எந்த ஒப்பந்தப்புள்ளியும் கோரப்படக் கூடாது.

நிலம் எடுக்கும் எண்ணம் இருந்தால் எந்த அளவை எண், எவ்வளவு, எதற்காக என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழி உறுதி எங்களுக்குப் போதாது. 1836-இல் கிடைத்த உறுதியின் கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

மண்ணில் ஏதேனும் தென்பட்டால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள், அதுவரை வேலையை நிறுத்தி வைப்பதால் வரும் இழப்பை யார் ஈடுசெய்வார்கள், சட்டப்படி கண்டெடுத்தவருக்கு என்ன உரிமை என்பவற்றை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுங்கள். இதுவரை மறைத்து வைத்தவற்றையும் மூடியவற்றையும் அச்சமின்றித் தெரிவிக்க ஓராண்டுக் காலம் கொடுத்து, அந்தக் காலத்தில் சொல்பவர்மேல் நடவடிக்கை இருக்காது என்று அறிவியுங்கள். என் கணிப்பில், எந்த அகழாய்வுப் பருவத்திலும் கிடைக்காத அளவு செய்தி அந்த ஓராண்டில் உங்களுக்குக் கிடைக்கும்.

வீடுகளில் பயன்பாட்டில் உள்ள பழஞ்செங்கல், தூண்தளம், ஓடு ஆகியவற்றைப் பறிக்காமல், இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, அளந்து, பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் கொல்லைக்கும் ஊராரிடையே வழங்கும் பெயரையும், அவ்விடத்தைப் பற்றிய செய்தியையும், எழுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இந்தப் பணிக்கு எங்கள் ஊர்களில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து, ஊதியம் கொடுத்து அமர்த்துங்கள். அகழாய்வுக் குழிகளுக்கான காவலும் வழிகாட்டிப் பணியும் அவ்வாறே இந்தச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களுக்கு முதலில் தரப்பட வேண்டும்.

அடுத்த அகழாய்வுப் பருவத்தில் ஒரு குழியாவது அரண்மனைக்கு வெளியே, நில உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலோடும் பயிரிழப்பீட்டோடும், குடிமக்கள் வாழ்ந்த பகுதியில் இடப்படட்டும். குழி மூடப்படுவதற்குமுன் கிடைத்தவற்றை ஊர்ப் பள்ளியில் ஒருநாள் வைத்து, கண்டறிந்தவர்களே எங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

இம்மடலுக்கான விடையை அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குமுன் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அது ஊராட்சி மன்றத்தின் பெயருக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
மாளிகைமேட்டில் பிறந்து, அங்கேயே உழுது வாழும் ஒரு குடிமகன்